குளம் வற்றினாலும் போகாத ஆரை

சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "வயல்ல ஆரை மண்டிக் கெடக்கு. அம்மா அதைக் கீரைங்கா. காலேஜ்ல படிக்கிற தங்கச்சி பெரணிங்கா. குத்தாலத்துல பாத்த பெரணிக்கு இலை சீப்பு மாதிரி இருக்கும், இலைக்கு அடியில பழுப்பா பொடி ஒட்டியிருக்கும். இதுல அது ஒண்ணும் இல்ல. பூவும் கெடையாது. காம்புக்கு அடியில கறுப்பா சின்னச் சின்ன உருண்டை மட்டும் இருக்கு. அது விதையா? கோடையில தரை வெடிச்சுக் கெடந்த குளத்துல மறுபடியும் எப்படி முளைக்கு?"

தம்பி, வீட்டில் ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆரை கீரையும்தான், பெரணியும்தான். பெரணி என்றதும் நமக்குக் குற்றாலத்துப் பாறை இடுக்கும், மாஞ்சோலை ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கிற மரப்பெரணியும்தான் நினைவுக்கு வரும். மலையும் நிழலும் சாரலும் இல்லாத இடத்தில் பெரணிக்கு என்ன வேலை என்று தோன்றும். ஆரையோ வெட்டவெயிலில், வரப்போரத்திலும் குளத்து அலைகரையிலும் வளர்கிறது. இதன் பேரினத்துக்கு மார்சிலியா என்று பெயர். இத்தாலியின் போலோன்யா நகரத்துக்காரர் லூயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி; படைத்தளபதி, இயற்கை ஆராய்ச்சியாளர், டான்யூப் ஆற்றை அளந்து எழுதியவர். 1730இல் இறந்துபோன அவருடைய பெயரைத்தான் 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தப் பேரினத்துக்கு வைத்தார். உலகம் முழுக்க ஏறத்தாழ 65 சிற்றினங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை குளிர்ந்த மலைக்காடுகளில் இல்லை. ஒரு பருவத்தில் தண்ணீர் நிறைந்து இன்னொரு பருவத்தில் காய்ந்துபோகும் பள்ளங்களில்தான் இருக்கின்றன. நம்ம ஊர்க் குளங்கள் அப்படிப்பட்டவைதானே. ஆரையின் உடம்பில் எந்த உறுப்பை எடுத்துக்கொண்டாலும் அந்த நிறைவையும் வற்றலையும் வைத்துப் பார்த்தால்தான் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

முதலில் ஆளை அடையாளம் பார்த்துக்கொள்வோம். புளியாரையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஆரை என்று சொல்பவர்கள் உண்டு. புளியாரைக்கு மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பிளவு இருக்கும், மஞ்சளாகப் பூக்கும், வாயில் போட்டால் புளிக்கும். அது பூக்கும் தாவரம், பெரணிக்கும் அதற்கும் ஒட்டுறவு கிடையாது. ஆரைக்கு நாலு சிற்றிலைகள், ஒரே காம்பின் உச்சியில். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நாலும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பவில்லை என்பது தெரியும். இரண்டு இணைகள், ஒன்றுக்குச் சற்று மேலே இன்னொன்று, ஒட்டினாற்போல் அமைந்திருக்கின்றன. ஆக, இதுவும் சீப்பு மாதிரி இருக்கவேண்டிய பெரணி இலையின் சுருங்கிய வடிவம்தான். பல் நாலோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

சிற்றிலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். புளியாரை இலையில் நடுநரம்பு ஒன்று ஓடும். ஆரையில் நடுநரம்பே கிடையாது. அடியிலிருந்து நரம்புகள் இரண்டிரண்டாகக் கவைத்துக் கவைத்து ஓரம் வரைக்கும் விசிறியாகப் போகும். போகிற வழியில் பக்கத்து நரம்போடு இணைந்து வலையும் பின்னிக்கொள்ளும். இப்படிக் கவைத்துப் போவது பெரணிகளில் பரவலாக உள்ள பழைய அமைப்பு. இன்னொரு அடையாளம் இளந்தளிர். கொடியின் நுனியில் அப்போதுதான் வெளிவரும் காம்பைப் பாருங்கள். நுனி உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். குற்றாலத்துப் பெரணியின் தளிரும் இதே மாதிரிதான் சுருண்டு கிடக்கும். உங்கள் தங்கச்சி இதைக் காட்டியிருந்தாலே வீட்டு வழக்கு தீர்ந்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகு வயலுக்குப் போனால் இன்னொன்றும் பார்க்கலாம்: நாலு சிற்றிலைகளும் மேல்நோக்கி மடிந்து ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், விடிந்ததும் விரியும்.

தண்டு எங்கே என்றால், மண்ணுக்குள்ளும் மண்மேலுமாக ஓடுகிற கொடிதான் தண்டு. மட்டநிலத்தண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். கணுவுக்குக் கணு கீழே வேர், மேலே இலை. கிளைத்துக் கிளைத்து ஓடும். ஒரு கணுவை அறுத்துப் போட்டாலும் அது தனிச்செடியாகிவிடும்; உங்களுக்குத் தொல்லை அங்கேதான், அதைக் கடைசியில் சொல்கிறேன். தண்டைக் குறுக்கே வெட்டினால் புறணியில், அதாவது தோலுக்கு உள்ளே இருக்கும் பகுதியில், காற்றறைகள் வட்டமாக இருப்பது தெரியும். தண்ணீருக்குள் அமிழ்ந்த சேற்றில் காற்று கிடைக்காது. மேலே இருக்கும் இலையிலிருந்து வேர் வரைக்கும் காற்றுப் போக இந்த அறைகள்தான் வழி. நடுவில் நீர்க்குழாய்த் திசு ஒரு வளையமாக நிற்கும். அந்த வளையத்தின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் உணவுக் குழாய்த் திசு இருக்கும். பரீட்சைக்கு மாணவர்கள் இந்தப் படத்தை அழகாக வரைந்துவிடுவார்கள். கல்லூரிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் அதே செடி நிற்பது பலருக்குத் தெரியாது. நம்ம பக்கம் பெரணி படிப்புக்குக் குறைவில்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலிருந்துதான் அருட்தந்தை மாணிக்கமும் இருதயராஜும் தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளை ஆராய்ந்து 1992இல் தொகுத்துத் தந்தார்கள். அப்படி இருந்தும் சமவெளிப் பெரணியைக் குனிந்து பார்க்கிற ஆட்கள் குறைவுதான்.

தண்ணீர் இருக்கும்போது ஒரு வேஷம், இல்லாதபோது இன்னொரு வேஷம். குளத்தில் தண்ணீர் ஏற ஏறக் காம்பும் கூடவே நீளும். மெலிந்து, வளைந்து கொடுத்து, நாலு சிற்றிலைகளையும் நீர்மட்டத்தில் மிதக்கவிடும். மிதக்கும் இலையில் இலைத்துளைகள் மேல்பக்கம் மட்டும்தான். கீழ்ப்பக்கம் தண்ணீரில் படிந்து கிடப்பதால் அங்கே துளையால் பயனில்லை. தண்ணீர் வடிந்து சேறு தெரிந்ததும் அதே கொடியிலிருந்து வரும் புது இலைகள் குட்டையாக, விறைத்த காம்போடு நிமிர்ந்து நிற்கும். அவற்றில் துளைகள் இரண்டு பக்கமும் இருக்கும். இந்த மாற்றத்தை முடுக்கிவிடுவது அப்சிசிக் அமிலம் என்ற வளரூக்கி என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். செடிகள் வறட்சியில் சுரக்கும் பொருள் அது. நீருக்குள் வளரும் ஆரைக்கு அதைக் கொடுத்தால், தண்ணீருக்குள்ளேயே நிலத்து இலையை விடும். ஒரே செடி, ஒரே கொடி. எந்த இலையை விடுவது என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. நடவு வயலில் தண்ணீரை ஏற்றிக் கட்டி ஆரையை மூழ்கடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். புல்லை அப்படி அடக்கலாம். ஆரைக்கு அது சவுகரியம்.

இனி உங்கள் கறுப்பு உருண்டைக்கு வருவோம். ஆரையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இலைக்கு அடியில் பொடி ஏன் இல்லை என்று கேட்டீர்கள். மற்றப் பெரணிகளில் அந்தப் பழுப்புப் பொடிதான் வித்து. ஸ்போர் என்பார்கள். வித்துப் பைகள் கூட்டம் கூட்டமாக இலையின் அடிப்பக்கம் திறந்த வெளியில் இருக்கும். காய்ந்ததும் வெடித்துக் காற்றில் போகும். எங்காவது ஈரமான பாறையில் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆரை அப்படித் திறந்து வைப்பதில்லை. இலையின் ஒரு பகுதியையே மடித்து, மூடி, கெட்டிப்படுத்தி, வித்துப் பைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. அந்தப் பெட்டிதான் நீங்கள் பார்த்த உருண்டை. அதன் பெயர் ஸ்போரோகார்ப்; நாம் வித்துப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம். விதை இல்லை, காயும் இல்லை. பூ இல்லாத செடியில் காய் எங்கிருந்து வரும்? இது காம்பின் பகுதியா, இலைப்பரப்பின் பகுதியா என்று தாவரவியலாளர்கள் நெடுநாள் வாதாடினார்கள். உருமாறிய இலைப்பகுதிதான் என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. வெட்டிப் பார்த்தால் அந்தப் பெட்டிக்குள்ளும் நரம்புகள் கவைத்து ஓடுகின்றன.

பச்சையாக இருக்கும்போது மேலே ரோமம் படர்ந்து மெதுவாக இருக்கும். முற்ற முற்றப் பழுப்பாகி, கறுத்து, நகத்தால் அமுக்க முடியாத அளவுக்குக் கெட்டியாகும். நீளம் மூன்று, நாலு மில்லிமீட்டர். அவரை விதையின் சாயல். காம்பு ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்றிரண்டு பற்கள் இருக்கும். தண்ணீர் நிறைய நிற்கும்போது ஆரை இதைச் செய்வது அபூர்வம். நீர் வடிந்து, கொடி சேற்றுத் தரையில் நிற்கும் நாட்களில்தான் காம்படியில் கொத்தாக வைக்கும். கோடை வரப்போகிறது என்று தெரிந்தவுடன் செய்கிற ஏற்பாடு.

ஒரு காரியம் செய்யுங்கள். நன்றாக முற்றிக் காய்ந்த பெட்டி ஒன்றை எடுத்து அப்படியே தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒன்றும் நடக்காது. நாள் கணக்கில் கிடந்தாலும் பெரும்பாலும் அப்படியேதான் கிடக்கும். தோல் தண்ணீரை உள்ளே விடாது. இப்போது இன்னொன்றை எடுத்து, நகவெட்டியால் ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு சில்லு எடுத்துவிட்டு, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போடுங்கள். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்காருங்கள், எழுந்து போய்விடாதீர்கள். உள்ளே ஒரு பசைத்திசு வளையம் மடங்கிக் கிடக்கிறது. சப்ஜா விதை ஊறிப் பருப்பது போல அது தண்ணீரைக் குடித்துப் பருக்கும்; பருத்த வேகத்தில் பெட்டி இரண்டு ஓடாகப் பிளக்கும்; பசைவளையம் வெளியே நீண்டு வரும். பெட்டியின் நீளத்தைப் போலப் பல மடங்கு வரும். அவ்வளவு பெரியது இத்தனை சின்னதுக்குள் எப்படி இருந்தது என்று தோன்றும். வகுப்பில் இதைக் காட்டினால் பின்பெஞ்சும் எழுந்து வந்துவிடும்.

அந்தப் பசைக்கொடியின் இரண்டு பக்கமும் மெல்லிய பைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு பைக்குள்ளும் இரண்டு விதமான வித்துறைகள் இருக்கின்றன. சிலவற்றில் ஒரே ஒரு பெருவித்து. வளரத் தொடங்கும்போது உள்ளே பல வித்துகள் இருந்தாலும் ஒன்று மட்டும் பிழைத்து மற்றவற்றின் சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அது அரை மில்லிமீட்டர் அளவு இருக்கும். வெறும் கண்ணுக்கே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மற்ற உறைகளில் 32 முதல் 64 வரை நுண்வித்துகள். அவற்றைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும். பெருவித்து பெண், நுண்வித்து ஆண்.

குற்றாலத்துப் பெரணிக்கும் ஆரைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். அங்கே ஒரே வகை வித்து. அது முளைத்து விரல்நகம் அளவில் ஒரு பச்சைத் தகடாக வளர்ந்து, ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் அதிலேயே உண்டாகி, கருவுறுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். அத்தனை நாளும் அந்தத் தகடு நனைந்தே இருக்கவேண்டும். மலையில் அது நடக்கும். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் ஒரு மானாவாரிக் குளத்தில் நடக்குமா? ஒரு மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால், அது எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆரைக்கு வாரக்கணக்கு வேண்டியதில்லை. மார்சிலியா வெஸ்டிட்டா என்ற அமெரிக்கச் சிற்றினத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: 20 டிகிரி சூட்டில், நுண்வித்து தண்ணீரில் பட்டதிலிருந்து ஆண் அணுக்கள் வெளியே வர ஏறத்தாழ 11 மணி நேரம் போதும். வித்தின் ஓட்டுக்குள்ளேயே செல்கள் ஒழுங்காகப் பிரிந்து 32 ஆண் அணுக்கள் உருவாகிவிடுகின்றன. ஒவ்வொன்றும் திருகாணி வடிவில், உடம்பைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணிழைகளோடு, நீந்திப் போகும். செல்லின் உள்ளே இந்த இழைகள் எப்படி உருவாகின்றன என்பதை ஆராய, ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் வளரும் இந்த வித்துகளைத்தான் ஆய்வகங்களில் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

பெருவித்திலும் வேலை அதே வேகத்தில்தான். தன்னிடம் இருக்கும் மாவுச்சத்தை வைத்துக்கொண்டே ஒரு முனையில் ஒரே ஒரு பெண் உறுப்பை உண்டாக்கும். அந்த முனையைச் சுற்றிப் பசை புனலாக நிற்கும். நீந்தி வரும் ஆண் அணுக்கள் அதில் வந்து சிக்கி உள்ளே போகும். இரண்டு மூன்று நாளில் இளஞ்செடியின் கரு வெளியே தெரிய ஆரம்பிக்கும். தம்ளரைக் கொட்டாமல் வைத்திருந்தால், நீங்களே பார்க்கலாம். முதல் இலை ஊசியாக இருக்கும். அடுத்தவை கரண்டி வடிவம். பிறகு இரண்டு பிளவு. அதற்குப் பிறகுதான் நாலு சிற்றிலைகள். பச்சைத் தகடு, நிழல், சாரல் எதுவும் தேவைப்படவில்லை. முழு வேலையும் சேற்றுத் தண்ணீரில் முடிந்துவிட்டது.

ஆக, வெடித்த தரையிலிருந்து எப்படி முளைக்கிறது என்ற கேள்விக்குப் பதில் பெட்டியின் தோலில் இருக்கிறது. வெளியே ஒரு தோல், அதற்கு உள்ளே கெட்டியான செல்கள் நெருக்கி நிறுத்திய இரண்டு அடுக்குகள். மண்ணில் உரசி, ஓரம் தேய்ந்து, அழுகல் நுண்ணுயிர்கள் அரித்து, எங்காவது ஒரு கீறல் விழும்வரை தண்ணீர் உள்ளே போகாது. எல்லாப் பெட்டியிலும் ஒரே வருஷத்தில் கீறல் விழுவதில்லை. இந்த ஆண்டு சில, அடுத்த ஆண்டு சில என்று திறக்கும். ஐப்பசி மழை ஏமாற்றிய வருஷத்தில் திறந்தவை கருகிப்போனாலும் மண்ணுக்குள் மிச்சம் இருக்கும். ஹெர்பேரியங்களில், அதாவது உலர்த்திய செடிகளைச் சேர்த்து வைக்கும் இடங்களில், ஏறத்தாழ நூறாண்டு காய்ந்து கிடந்த பெட்டிகளை எடுத்துக் கீறித் தண்ணீரில் போட்டபோதும் சில சிற்றினங்களில் வித்து முளைத்திருக்கிறது. நாங்குநேரிக் குளம் ரெண்டு மூன்று வருஷம் நிறையாமல் கிடந்தால் ஆரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இதில் தாமிரபரணிப் பாசனத்துக்கும் மானாவாரிக் குளத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் கன்னடியன் கால்வாயில் பாபநாசம் அணை திறந்தால் கார் சாகுபடிக்குத் தண்ணீர், பிறகு பிசான சாகுபடிக்குத் தண்ணீர். இடையில் சேறு முழுசாக உலர நேரம் குறைவு. அங்கே கொடியே பிழைத்துக் கிடந்து மறுபடி ஓடும்; பெட்டிக்கு வேலை குறைவு. கால்வாய் எட்டாத தெற்குப் பக்கத்துக் குளங்களில் கொடி முழுக்கக் காய்ந்து போகும். அங்கே பெட்டிதான் வம்சத்தைக் காப்பாற்றுகிறது.

குளம் விட்டுக் குளம் எப்படிப் போகிறது என்பதற்கும் வழி இருக்கிறது. காட்டு வாத்துகளுக்கு இந்தப் பெட்டிகளைக் கொடுத்து, எச்சத்தில் வந்தவற்றை முளைக்கவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1965இல் அமெரிக்காவில் வெளிவந்தது. வயிற்றுக்குள் போய்வந்தும் வித்து சாகவில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வந்து இறங்கும் வாத்துகளை நினைத்துப் பார்த்தால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். மனிதர்களும் சளைத்தவர்கள் இல்லை. கோடையில் குளத்துக் கரம்பை அள்ளி வயலுக்கு அடிக்கிறோமே, அதில் என்ன என்ன வருகிறது என்று சல்லடை போட்டா பார்க்கிறோம்?

உறவுமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்சிலியாவோடு சேர்த்து இந்தக் குடும்பத்தில் இன்று மூன்றே பேரினங்கள். ரெக்னெல்லிடியம் தென்னமெரிக்காவில், பிரேசிலின் தெற்குப் பக்கம் வளர்வது. சிற்றினம் ஒன்றுதான், சிற்றிலை இரண்டுதான். பிலுலாரியாவுக்குச் சிற்றிலையே கிடையாது, காம்பு மட்டும் புல்லாக நிற்கும். நாலு, இரண்டு, பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. மாட்டுத் தீவனத்துக்கும் நெல்வயலுக்கும் வளர்க்கிற அசோலாவும், குளங்களை மூடிப்போடும் சால்வினியாவும் சற்று எட்டின உறவு. இவை எல்லாம் ஒரே வரிசை. இன்று வாழும் பெரணிகளில் பெருவித்து, நுண்வித்து என்று பிரித்து வைத்திருப்பவை ஏறக்குறைய இந்த வரிசை மட்டும்தான். பழைய குடும்பம். மத்திய இந்தியாவில், தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்ட கல்லில், இதே மாதிரி ஒரு வித்துப்பெட்டியின் புதைபடிவத்தைத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சானி 1943இல் ரோடைட்டிஸ் என்ற பெயரில் விவரித்தார். டைனோசர்கள் ஒழிந்துபோன காலத்தை ஒட்டிய அடுக்கு அது.

நம்ம ஊர் ஆரை எந்தச் சிற்றினம்? மூலிகைப் பட்டியல்களிலும் வேளாண்மைக் கையேடுகளிலும் மார்சிலியா குவாட்ரிஃபோலியா என்று போட்டிருப்பார்கள். பெயருக்கு நாலிலை என்று பொருள் இருப்பதால் எல்லோரும் அதையே எடுத்தாள்கிறார்கள்; இந்தப் பேரினத்தில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் நாலு இலைதான். சமவெளி வயல்களில் பரவலாக இருப்பது மார்சிலியா மினுட்டா. 1771இல் அதற்கும் பெயர் வைத்தவர் லின்னேயஸ்தான். இலையை வைத்துப் பிரிக்க முடியாது, தண்ணீருக்குத் தக்கபடி இலை மாறிக்கொண்டே இருக்குமே. பெட்டியை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். மினுட்டாவில் இலைக்காம்பின் அடியிலேயே, தனித்தனிக் குட்டைக் காம்புகளில் பெட்டிகள் நெருக்கமாக இருக்கும். குவாட்ரிஃபோலியாவில் பெட்டிகளின் காம்புகள் ஒன்றோடொன்று இணைந்து, இலைக்காம்பின் அடியிலிருந்து சற்று மேலே ஒட்டியிருக்கும். நீங்கள் "காம்புக்கு அடியில" என்று எழுதியிருப்பதால் உங்களுடையது மினுட்டாவாகத்தான் இருக்கவேண்டும். குவாட்ரிஃபோலியா காஷ்மீரிலும் ஐரோப்பாவிலும் வளர்வது. ஐரோப்பாவில் சதுப்பு நிலங்கள் அழிந்ததால் அருகிப்போய், சட்டம் போட்டுப் பாதுகாக்கிறார்கள். நீங்கள் ஆள் வைத்துப் பிடுங்கும் செடிக்கு அங்கே ஒன்றுவிட்ட அண்ணன் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறான்.

அம்மா கட்சிக்கும் கொஞ்சம் பேசவேண்டும். ஆரைக்கீரையைப் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைப்பார்கள், வெங்காயம் நிறையப் போட்டுத் துவட்டுவார்கள். சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கும் அதிதாகத்துக்கும் சொல்லப்படுகிறது. சமைத்து எப்போதாவது சாப்பிடுவதில் எனக்கு மறுப்பு இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் பச்சையாக அரைத்துக் குடிப்பேன் என்று யாராவது கிளம்பினால் தடுப்பேன். காரணம் இந்தப் பேரினத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குறுக்கே நடந்து போக 1860இல் மெல்போர்னிலிருந்து கிளம்பிய பர்க், வில்ஸ் என்ற இருவரும் திரும்பும் வழியில் கூப்பர் ஓடைக்கரையில் உணவு தீர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் யந்துருவந்தா பழங்குடிகள் நார்டூ என்ற ஆரையின் வித்துப்பெட்டியை மாவாக்கித் தின்பதைப் பார்த்து அவர்களும் தின்றார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டும் கால் தளர்ந்து, நாளுக்கு நாள் மெலிந்து, 1861இல் இருவரும் இறந்தார்கள். அந்தச் சிற்றினத்தில் தயமினேஸ் என்ற நொதி மிகுதி. உடம்பிலுள்ள பி1 வைட்டமினை அது சிதைத்துவிடும். பழங்குடிகள் வறுத்து, தண்ணீர் விட்டு அரைத்து, பக்குவம் பார்த்துத்தான் உண்டார்கள். பக்குவத்தை விட்டுவிட்டு மாவை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் இவர்களுக்கு வினையாயிற்று என்பது 1994இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். கூட இருந்த ஜான் கிங் அந்த மக்களோடேயே தங்கி உயிர் பிழைத்தார். அது வேறு சிற்றினம், தின்றதும் இலை அல்ல, அளவும் வேறு. அம்மா வைக்கும் கூட்டுக்கு இதனால் பயம் வேண்டாம். நன்றாக வேகட்டும், பச்சைச்சாறு வேண்டாம். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் பறித்ததும் வேண்டாம். சேற்றிலுள்ள உலோகங்களை இந்தச் செடி இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். களைக்கொல்லி அடித்த வயலில் பறிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கடைசியாக வயல். தொளி அடிக்கும்போது, அதாவது சேற்றுழவில், ரோட்டவேட்டர் கொடியைத் துண்டு துண்டாக வெட்டி வயல் முழுக்க விதைத்துவிடுகிறது. கணு உள்ள ஒவ்வொரு துண்டும் வேர்விடும். அதனால் ஆரை மண்டின மூலையில் தொளிக்கு முன்னாலேயே கொடியை வாரி எடுத்துவிடுவது நல்லது. களையெடுப்பில் இலையைக் கிள்ளிப் பிரயோசனம் இல்லை, கொடியோடு இழுக்கவேண்டும். அகல இலைக் களைக்கொல்லிகளில் சில இலையைக் கருக்கும். கொடி மறுபடி தளிர்த்துவிட்டால் இரண்டு வேலை. எதை எப்போது அடிப்பது என்று வேளாண் அலுவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோடை உழவு போட்டால் கொடி மேலே வந்து காய்ந்து சாகும், பெட்டி சாகாது.

நம்மவர்கள் கவனிக்காமல் விடுகிற நாட்கள் சில உண்டு. பிசான அறுப்புக்கு முன்னால் தண்ணீரை வடிக்கிறோம். நெல்லுக்கு அடியில் ஆரை நிலத்துச் செடியாக மாறிப் பெட்டி வைக்கத் தொடங்குவது அப்போதுதான். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நிற்கும்போது மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும், பெட்டிகள் பச்சையாக, ரோமத்தோடு இருக்கும். அந்தச் சமயத்தில் ஒருமுறை வயலில் இறங்கிக் கொடியோடு பிடுங்கினால், பின்னால் பல வருஷம் முளைக்கவேண்டியதை இப்போதே குறைத்துவிடலாம். கறுத்துக் கெட்டியான பிறகு பிடுங்கினால் பெட்டிகள் மண்ணில் உதிர்ந்துவிடும். பிடுங்கியதை வரப்பில் குவித்து நன்றாகக் காயவைத்துக் கொளுத்திவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள், பெட்டிகள் அங்கேயும் பிழைத்துக் கிடக்கும். வாய்க்காலில் மட்டும் வீசிவிடாதீர்கள். கீழ்மடைக்காரர் வயலில் போய் வேர்விட்டால் அவர் உங்களிடம் வந்து தாவரவியல் பேசமாட்டார்.